டிக் விழாத ஏழாம் வரி

அத்தியாயம் 14

ஐந்து நாளாக அந்த வீட்டில் சினிமா என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. இத்தனைக்கும் சினிமாவை வைத்துத்தான் அங்கே பாதி அடுப்பு எரிகிறது.

மருமகள் பத்திரிகையில் ‘யார் கையில் சிலை?’ எழுதுகிறவள். பெரிய திரைப்பட விருது விழா நடக்கிற அன்று காலை, பத்துப் பிரிவில் யார் யார் ஜெயிப்பார்கள் என்று பெயர் பெயராகச் சொல்லிவிடுவாள். அதனால் வாசகர்கள் அவளுக்கு வைத்த பெயர் ஆரூடக்காரி. அவளுடைய கொழுந்தன் சின்னவன் இருக்கிறானே, அவன் ஆடிட்டர். அதே விருதுக்கு ஓட்டு எண்ணுகிறவன். எட்டாயிரம் ஓட்டுச் சீட்டு, ஜன்னல் இல்லாத ஓர் அறை, முடிவு தெரிந்தவர்கள் மொத்தமே இரண்டு பேர். ஒருவர் அவனுடைய சீனியர், இன்னொருவன் இவன். ஆரூடக்காரியையும் ஓட்டு எண்ணுகிறவனையும் ஒரே கூரைக்கு அடியில் கொண்டுவந்து முடிச்சுப் போட்டது யாருடைய திருவிளையாடலோ!

போன வாரம் ஆபீசில், பக்கங்களை அச்சுக்குக் கட்டுகிற கண்ணாடிக்காரர் எல்லார் முன்னாலும் கேட்டது ஞாபகம் இருக்கும். "வீட்டுக்குள்ளயே ஓட்டுப் பெட்டி வெச்சிருக்கிறவங்களுக்கு ஆரூடம் என்னங்க பெரிய ஆரூடம்?" அந்த முள் அவள் மனசை விட்டு இன்னும் நீங்கவில்லை. அன்றைக்கே வீட்டில் சட்டம் போட்டாள். சின்னவன் சாப்பிட உட்கார்ந்தால் அவள் மாடிக்குப் போய்விடுவாள். அவள் டிவியைப் போட்டால் அவன் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவான். நடுவில் மாட்டிக்கொண்டு தவித்தது மாமியார்தான். மூத்த மகனிடம், மருமகளின் புருஷனிடம், சொல்லி அழலாம் என்றால், அவன் சரக்கு ரயிலை ஓட்டிக்கொண்டு மூன்று நாளாக எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறான்.

நாளைக்கு விழா. இன்றைக்கு நாலு மணிக்குள் லிஸ்ட் ஆசிரியர் மேசைக்குப் போயாக வேண்டும்.

காலை ஏழு மணிக்குப் பால் எடுக்க வந்த மருமகள் ஃப்ரிட்ஜ் முன்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

கதவில் காந்தம் வைத்துத் தொங்கிக்கொண்டிருந்தது அவளுடைய லிஸ்ட். நேற்று எழுதி முடித்து, அசதியில் சாப்பாட்டு மேசையிலேயே விட்டுவிட்டுப் படுக்கப் போன லிஸ்ட். பத்து வரி. அதில் ஒன்பது வரிக்குப் பக்கத்தில் சின்னச் சின்னதாகச் சிவப்புப் பென்சிலில் டிக்.

ஏழாவது வரிக்கு மட்டும் இல்லை.

அந்த வீட்டில் சிவப்புப் பென்சில் ஒருவனிடம்தான் உண்டு.

"அத்தை, இந்தப் பேப்பரை யாரு இங்க மாட்டினது?"

மாமியார் அடுப்பில் முட்டையைத் திருப்பிக்கொண்டே சொன்னாள். "நான்தாம்மா. மேசையைத் துடைக்கணும், ஈரம் பட்டுடப் போகுதேன்னு எடுத்து மாட்டினேன். ஏன், தப்பா?"

"தம்பி இங்க வந்தாரா?"

"விடிஞ்சதுலேருந்து இங்கதான் நின்னான். காதுல போனு, கையில பென்சிலு. சீனியர் என்னமோ வரிசையா சொல்றாரு, இவன் ‘சரி, சரி’ங்கறான். டீ கூடக் குடிக்காம ஓடிட்டான்."

மருமகளுக்குப் புரிந்துவிட்டது. ஓட்டு எண்ணுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் தனியாக எண்ணுவார், இன்னொருவர் தனியாக எண்ணுவார். கடைசியில் ஒருவர் வாசிக்க வாசிக்க, மற்றவர் தன் தாளில் ஒத்துப்போகிற பெயருக்கெல்லாம் டிக் போட்டுக்கொண்டே வருவார். ஐந்து நாளாகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை அதே வேலை. காதில் சீனியரின் குரல், கண் எதிரே பத்து வரி போட்ட தாள், விரலில் பென்சில். கை பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துவிட்டது. போட்டது எந்தத் தாளில் என்று அவன் கவனித்தானோ இல்லையோ.

"அத்தை, இதை நீங்க பார்த்தீங்களா?"

"எதை?"

"இந்த டிக்கை."

"பார்க்காம என்ன? எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது." மாமியார் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏழாவது யாரு, அந்தக் கலங்கரை விளக்கத்துக்காரிதானே?"

ஏழாவது வரி சிறந்த நடிகை. கலங்கரை விளக்கத்தில் தனியாக இருபது வருஷம் காவல் இருக்கும் பெண்ணாக நடித்தவர் பெயரைத்தான் மருமகள் எழுதியிருந்தாள். ஐந்து முறை போட்டிக்கு வந்து ஐந்து முறையும் வெறுங்கையோடு திரும்பியவர். இந்த வருஷம் நடிகர் சங்கத்துப் பரிசும் அவருக்குத்தான் கிடைத்திருக்கிறது. பதினோரு வருஷத்துக் கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்து, பத்து வரியிலும் மிக உறுதியாக எழுதிய வரி அதுதான்.

மாமியார் கட்சியோ வேறு. நர்ஸ் படத்தில் வந்த இருபத்திரண்டு வயசுப் பெண். கலங்கரை விளக்கத்துக்காரரை முந்த முடியுமென்றால் இவளால்தான் முடியும் என்பது ஊர்ப் பேச்சு. முதல் படம். அதை மூன்று தடவை தியேட்டருக்குப் போய்ப் பார்த்துவிட்டு மூன்று தடவையும் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தவள் மாமியார்.

"அத்தை, நீங்க எதையும் பார்க்கல. சரியா? யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"நான் யார்கிட்டம்மா சொல்லப் போறேன்? நீதான் பேசவே கூடாதுன்னு சட்டம் போட்டிருக்கியே."

மருமகள் தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் திணித்தாள். ரொட்டியைத் தட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினாள்.

பஸ்ஸில் நின்றுகொண்டே யோசித்தாள். ஒன்பது சரி, ஒன்று தப்பு. அந்த ஒன்றை மாற்றினால் பத்துக்குப் பத்து. இந்தத் தொழிலில் இன்றுவரை யாரும் பத்துக்குப் பத்து எடுத்ததில்லை. அவளே அதிகபட்சம் எட்டு. போன வருஷம் ஆறு. அந்த ஆறைப் பார்த்துத்தான் நிர்வாகம் கம்ப்யூட்டர் ஆரூடம் ஒன்றை விலைக்கு வாங்கிப் போட்டது. இந்த வருஷம் இரண்டு லிஸ்ட்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும். எதற்கு அதிகம் சரியோ, அடுத்த வருஷம் பக்கம் அதற்கு. அதை அவளிடம் நேராகவே சொல்லிவிட்டார்கள்.

மாற்றினால் திருட்டு. வேண்டுமென்றே இரண்டு மூன்றைக் கெடுத்து எழுதினால் வாசகர்களுக்குப் பொய். எழுதினபடியே விட்டால்? தோற்கப் போகிறார் என்று தெரிந்தே ஒருவரை ஜெயிப்பார் என்று அச்சடிக்கிற மாதிரி ஆகிவிடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டியது.

அதைவிட, சின்னவன். இந்த விஷயம் வெளியே தெரிந்தால் அவன் வேலை மட்டுமா போகும்? அந்தத் தொழிலிலேயே அவனை யாரும் பக்கத்தில் சேர்க்கமாட்டார்கள்.

ஆபீசில் நுழைந்ததும் கண்ணாடிக்காரர் வரவேற்றார். மூக்கு நுனியில் கண்ணாடி, அதற்கு மேலே இரண்டு கண், அதில் எப்போதும் ஒரு சிரிப்பு.

"வாங்க ஆரூடக்காரி. முகம் ஏன் வெளிறிப் போயிருக்கு? கொழுந்தனாருக்கு ஓட்டு எண்ணி முடிஞ்சிடுச்சா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நாங்க பேசிக்கிறதில்ல."

"அட, குடும்பம்னா அப்பப்ப பேசிக்கணுங்க."

அவள் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். பன்னிரண்டரை மணிக்கு வாசல் காவலாளி வந்து, கீழே யாரோ பார்க்க வந்திருப்பதாகச் சொன்னான்.

இறங்கிப் போனாள். எதிர்ச் சாரி டீக்கடையில், தூணுக்குப் பின்னால், பாதி மறைந்தும் மறையாமலும் சின்னவன். அவள் விடுவிடுவென்று தெருவைத் தாண்டினாள்.

"தம்பி, உங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சா? இன்னிக்குப் போய் என் ஆபீஸ் வாசல்ல வந்து நிக்கறீங்க?"

"போன்ல பேசற விஷயமில்ல அண்ணி." அவன் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. "காலையில ஃப்ரிட்ஜ்ல ஒரு பேப்பர்... என் தாள்ல போட வேண்டிய டிக் எதுவும் இல்ல. அப்பதான் உறைச்சது. எதுல போட்டேன், ஏழாவதுல மட்டும் ஏன் கை நின்னுச்சுன்னு."

அவள் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள்.

"நீங்க பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவனும் அதைக் கேட்கத்தான் வந்திருந்தான். ஆனால் அவள் கல்யாணத்தில் பதினேழு வயசுப் பையனாக நாற்காலி தூக்கிப்போட்டவன், பரீட்சைக்குப் பரீட்சை அவளிடம் பாடம் ஒப்பித்தவன், அவன் முகத்தைப் பார்த்துப் பொய் வரவில்லை.

"பார்த்தேன்."

சின்னவன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். கடைக்காரர் கொண்டுவந்து வைத்த டீயில் ஆடை படிந்துகொண்டிருந்தது.

"அதுக்கு அர்த்தம் உண்டுன்னும் நான் சொல்லமாட்டேன், இல்லன்னும் சொல்லமாட்டேன். கேட்காதீங்க."

"நான் கேட்டேனா?"

"அந்தப் பேப்பரைக் கொடுங்க அண்ணி. கிழிச்சுப் போட்டுடறேன்."

கைப்பையின் வாரை அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கிழித்துவிட்டால் அவன் பிழைத்தான். ஆனால் நாளைக்கு ஒன்பது சரியாக வந்து, எப்படி என்று நாலு பேர் கேட்டால், இது என் கையால், எனக்கு ஒன்றும் தெரியாதபோது எழுதின லிஸ்ட் என்று காட்ட அவளிடம் இருப்பது அந்த ஒரு தாள்தான். அவளைக் காப்பாற்றுவதும் அதுதான், அவனை மாட்டிவிடுவதும் அதுதான்.

"தரமாட்டேன்."

"அண்ணி!"

"யார்கிட்டயும் காட்டவும் மாட்டேன். என்னை நம்பினா நம்புங்க."

"லிஸ்ட்டை மாத்துவீங்களா?"

"நேத்து எழுதினது ஒரு எழுத்துகூட மாறாது."

அவன் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தான். கணக்குப் புத்தகத்தில் கூட்டுத்தொகையைச் சரிபார்க்கிற பார்வை. பிறகு டீயைத் தொடாமலேயே எழுந்து போனான்.

திரும்பித் தெருவைத் தாண்டும்போது ஆபீஸ் மாடி ஜன்னலில் ஒரு மூக்குக்கண்ணாடி வெயிலில் பளிச்சென்று மின்னி மறைந்தது. பார்த்துவிட்டாரா? பார்க்கட்டும். இனி என்ன செய்ய?

புதுத் தாளில் பத்து வரியையும் சுத்தமாகப் படி எடுத்தாள். ஏழாவது வரிக்கு வரும்போது பேனா தயங்கியது. கலங்கரை விளக்கத்துக்காரர் பெயரை அழுத்தி எழுதினாள். நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஆசிரியர் அறைக்குள் போனாள்.

ஆசிரியர் நல்ல மனுஷர். அதுதான் சங்கடமே. இரண்டு லிஸ்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் தடவிக்கொண்டே வந்தவர், ஏழாவது வரியில் நின்றார்.

"மெஷினும் நீயும் இதுல ஒண்ணுலதாம்மா முட்டிக்கறீங்க. மத்த ஒன்பதும் ஒண்ணுதான். மெஷின் அந்த நர்ஸ் பொண்ணுங்குது."

அவள் குனிந்து மெஷினின் ஏழாவது வரியைப் படித்தாள்.

"நீ பதினோரு வருஷமா என்கிட்ட வேலை பார்க்கிறே. இந்த ஒரு வரியிலதான் உன் பக்கம் போகப் போகுதா நிக்கப் போகுதான்னு இருக்கு. இன்னொரு தடவை யோசி. மாத்தணும்னா மாத்திக்கோ, இதுல ஒரு குத்தமும் இல்ல. எல்லாரும் கடைசி நிமிஷத்துல மாத்தறதுதானே?"

இதைவிட நல்ல சாக்கு யார் கொண்டுவந்து கையில் கொடுப்பார்கள்? மெஷின் சொன்னது, மாற்றினேன். ஒருவரும் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். பக்கம் நிற்கும். சின்னவன் பெயர்கூட அடிபடாது. ஒரே ஒரு பெயரை அடித்து இன்னொரு பெயர்.

ஆசிரியர் தன் பேனாவையே மூடி கழற்றி நீட்டினார்.

அவளுக்குச் சின்னவனின் அந்தப் பார்வை ஞாபகம் வந்தது. ஊருக்கெல்லாம் பதில் சொல்லிவிடலாம். காலையில் பத்திரிகையைப் பிரித்து நேராக ஏழாவது வரிக்குப் போகிற அந்தக் கண்ணுக்கு என்ன பதில் சொல்வது?

"வேண்டாம் சார். இருக்கட்டும்."

"தப்பாப் போச்சுன்னா?"

"தப்பாப் போனா அது என் தப்பு சார். என் தப்பாவே வரட்டும்."

ஆசிரியர் புருவத்தைத் தூக்கினார். கையெழுத்துப் போட்டு, கண்ணாடிக்காரர் தட்டில் வைத்தார்.

வெளியே வந்ததும் போனை அணைத்தாள். யாரோடும் பேசுகிற தெம்பு இல்லை. பஸ்ஸையும் விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனாள். ஒன்றரை மணி நேர நடை. கால் வலித்தாலும் ஐந்து நாளில் முதல் தடவையாக மூச்சு நெஞ்சுக்கூடு நிறைய இறங்கியது. பக்கம் போகும். போகட்டும். சமையல்காரனுக்கு வேறு சமையலறை கிடைக்காதா என்ன?

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சின்னவனின் செருப்பைப் பார்த்தாள். ஆறு மணிக்கு முன்னால் அவன் வீட்டுக்கு வந்து எத்தனையோ நாளாகிறது.

கூடத்தில் உட்கார்ந்திருந்தான். அவள் மாடிக்குப் போகத் திரும்பினாள்.

"இனிமே மாடிக்குப் போக வேணாம் அண்ணி. நான் சொல்லிட்டேன்."

"யார்கிட்ட?"

"சீனியர்கிட்ட. இந்த மாதிரி, கை தவறி அண்ணி லிஸ்ட்டுல டிக் போட்டுட்டேன், அவங்களும் பார்த்துட்டாங்கன்னு."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "ஏன் தம்பி? நான்தான் வாயைத் திறக்கமாட்டேன்னு சொன்னேனே."

"நீங்க திறக்கமாட்டீங்க. எனக்குத்தான் உள்ள இருப்புக் கொள்ளல." அவன் முகம் காய்ச்சல் விட்ட முகம் மாதிரி இருந்தது. களைப்பு, ஆனால் ஒரு தெளிவு. "அவரு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டாரு. அப்புறம் சொன்னாரு. ‘நாளைக்குக் காலையில பத்திரிகை பார்ப்பேன். அந்த ஏழாவது வரி உங்க அண்ணி எழுதினபடியே இருந்தா, இது கைத்தவறு, நமக்குள்ள முடிஞ்சு போச்சு. மாறியிருந்தா விஷயம் வெளியே போச்சுன்னு அர்த்தம். நானே கமிட்டிக்கு எழுதிடுவேன்.’"

"மாறல தம்பி. நான் என் கையால கொடுத்துட்டு வந்தேன். மெஷின் வேற சொல்லுது, மாத்திக்கோன்னு சாரே சொன்னாரு. மாட்டேன்னுட்டேன்."

சின்னவன் சிரித்தான். ஐந்து நாள் கழித்து அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. "அப்போ நான் சாப்பிடலாம். அம்மா! ரெண்டு பேருக்கும் சேர்த்து எடுத்து வைங்க. சட்டம் ரத்து!"

மாமியார் சமையலறை வாசலில் வந்து நின்றாள். கையில் துணி. அந்தத் துணியை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"ஏம்மா, நீ மாத்தவே இல்லியா?"

"இல்ல அத்தை. ஏன்?"

"இல்ல... மதியம் சாப்பிட்டுட்டுப் படுத்தேன், தூக்கமே வரல. பிடிவாதக்காரி, தெரிஞ்சும் மாத்தமாட்டாளே, பதினோரு வருஷத்து வேலை ஒரு பேருக்காகப் போயிடுமேன்னு..."

மருமகள் மெல்ல எழுந்தாள். "அத்தை, என்ன செஞ்சீங்க?"

"உனக்குத்தான் போன் போட்டேன். நீ அணைச்சு வெச்சிருந்தே. அப்புறம் ஆபீஸ் நம்பருக்குப் போட்டேன். அந்தக் கண்ணாடித் தம்பிதான் எடுத்தாரு. அவரைத்தான் எனக்கு நல்லாத் தெரியுமே, வாராவாரம் நம்ம பக்கத்துல பிழை வந்தா அவர்கிட்டதானே சொல்லுவேன்? மருமக அவசரத்துல ஒண்ணைத் தப்பா எழுதிட்டா, ஏழாவதுல அந்த நர்ஸ் பொண்ணு பேரைப் போடச் சொன்னான்னு..."

"அம்மா!" சின்னவன் குரல் உடைந்தது.

"நான் என்னடா பண்ணினேன்? நல்லதுதானே பண்ணினேன்? அவரும் எவ்வளவு சந்தோஷமா எழுதிக்கிட்டாரு தெரியுமா? யார் பேசறதுன்னு ரெண்டு தடவை கேட்டு, என் பேரைக்கூட எழுதிக்கிட்டாரு."

கடிகாரத்தில் ஐந்து நாற்பது. ஆறு மணிக்கு அச்சு ஓட ஆரம்பித்துவிடும்.

மருமகள் போனை எடுத்து உயிர்ப்பித்தாள். அவசரத்தில் இரண்டு தடவை தப்பு நம்பர் அழுத்தினாள். மூன்றாவது தடவை மணி அடித்து, எடுத்தார் கண்ணாடிக்காரர். பின்னால் அச்சுக்கூடத்தின் இரைச்சல்.

"சொல்லுங்க ஆரூடக்காரி. உங்க வீட்டுத் திருத்தம் ஏறிடுச்சு."

"அது என் திருத்தம் இல்ல. நான் கொடுத்தபடியே மாத்துங்க. இப்பவே."

"தாராளமா மாத்தறேங்க. என் கையிலதான் இருக்கு, இன்னும் இருபது நிமிஷம் இருக்கு." அந்தச் சிரிப்பு போன் வழியாகவும் தெரிந்தது. "ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. சார்கிட்ட நான் காரணம் சொல்லணுமில்ல? பத்துப் பேர் இருக்கிற லிஸ்ட்டுல, அந்த ஒரே ஒரு பேர் மட்டும் தப்புன்னு, ஓட்டு எண்றவரோட அம்மாவுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

எதைச் சொன்னாலும் சின்னவன் தலையில் போய் விழும். ஒன்றும் சொல்லாமல் வைத்தால் காலையில் நர்ஸ் பெண்ணின் பெயர் ஊரெல்லாம் இருக்கும்.

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்திருந்தாள். அவளுக்கும் இப்போதுதான் புரிந்தது.

சின்னவன் எழுந்து வந்தான். அண்ணியின் கையிலிருந்த போனை மெதுவாக வாங்கிக் காதில் வைத்தான்.

"ஓட்டு எண்றவன்தான் பேசறேன்," என்றான். "தப்பு என்னோடது. எழுதிக்கோங்க."